ஆத்துத் தண்ணியில நனைஞ்ச படங்கள்

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

நான் ஏரல்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன். தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி, தாமிரபரணிக் கரையில இருக்கற ஊர். அப்பா ஆரம்பிச்ச கடை. இங்க என்னைக் கூப்பிட்டவங்க சின்ன ஊர்ல போட்டோகிராபி எப்படி இருக்குன்னு பேசச் சொன்னாங்க. கேமரா, லென்ஸ் பத்திப் பேசுவேன்னு நெனச்சு இயர்போன் மாட்டியிருந்தீங்கன்னா மன்னிக்கணும். நான் பேசப்போறது செத்துப்போனவங்க படத்தைப் பத்தி.

ஏன்னா எங்க ஊர் ஸ்டுடியோ ஓடறதே அதுலதான். கல்யாணத்துக்கு எல்லாம் இப்ப திருநெல்வேலியில இருந்து ட்ரோனோட ஒரு டீம் வந்துடுது. குழந்தை பிறந்தா போன்லயே எடுத்துக்கறாங்க. போர்டுல 'ஸ்டுடியோ'ன்னு இருக்கும், உள்ள வந்தா ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ். வருஷத்துல ஒரு தடவை குலசை தசரா வந்தா மட்டும் கடை களைகட்டும். வேஷம் கட்டினவங்க வந்து நிப்பாங்க. காளி, குரங்கு, போலீஸ், ராஜா. நேத்து வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட லோடுமேன் அண்ணாச்சி, காளி வேஷத்துல வந்தா நான் 'சாமி, கொஞ்சம் இடப்பக்கம் திரும்புங்க'ன்னுதான் சொல்லணும். காளியைச் சிரிக்கச் சொல்ல முடியாது பாருங்க, அதனால அந்த போட்டோ எல்லாம் நல்லா வரும்.

மத்த நாள்ல வர்ற வேலை என்னன்னா, ஒரு வீட்டுல துக்கம் நடந்திருக்கும். மூணாவது நாளோ நாலாவது நாளோ மகனோ மருமகனோ ஒரு பழைய குரூப் போட்டோவைக் கொண்டாந்து, 'இதுல இருந்து அப்பாவை மட்டும் எடுத்துப் பெருசு பண்ணணும்'னு கேப்பாங்க. பதினாறாம் நாளுக்குள்ள மாலை போட்டு மாட்டணும். பின்னாடி நிக்கிறவங்க கையை அழிச்சு, சட்டையை வெள்ளையாக்கி, நீலக் கலர்ல பேக்ரவுண்ட் போட்டுக் கொடுப்போம்.

சிலருக்கு அந்த குரூப் போட்டோகூட இருக்காது, முக்கியமா வயசான பொம்பளைங்களுக்கு. படம் பிடிச்சா ஆயுசு குறையும்னு நம்பிக்கை. மூணு பேரா நின்னு எடுக்கக்கூடாது, எடுத்தா ஒருத்தர் போயிடுவார்னு இன்னொரு நம்பிக்கை. இன்னிக்கும் கடைக்கு மூணு பேரா வந்தா நாலாவதா ஒரு குழந்தையையாவது தூக்கிட்டு வந்து நிக்க வைக்கிறவங்க உண்டு. இப்படிப் பயந்து பயந்து ஒதுங்கினவங்களுக்குக் கடைசியில மிஞ்சறது வோட்டர் ஐடியில இருக்கற தபால்தலை அளவு முகம்தான்.

அதுவும் இல்லைன்னா? அப்பா காலத்துல துக்க வீட்டுக்கே கூப்பிட்டு ஆள் வரும். நாற்காலியில உக்கார வச்சிருக்கற உடலைப் படம் எடுத்துட்டு வந்து, பிரிண்டுல கண்ணைத் திறப்பார். சின்ன பிரஷ்ஷால இமையை அழிச்சுக் கருவிழி வரையறது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்ல செஞ்ச 'இந்து' பிலிம் ஓடிட்டு இருந்த காலம் அது. அந்த வேலை இருக்கற அன்னிக்கு அப்பா குளிச்சிட்டு வந்துதான் உக்காருவார். கோயில்ல சிலைக்குச் சிற்பி கண் திறக்கற மாதிரிதான் இதுவும்னு சொல்வார். எனக்கு அப்ப அது கொஞ்சம் ஓவராத்தான் தெரிஞ்சுது.

ஆனா எங்க ஊரைப் புரிஞ்சுக்கணும்னா இதையும் சொல்லணும். ஏரல்னா வெளியூர்க்காரங்களுக்கு ஞாபகம் வர்றது சேர்மன் அருணாசல சுவாமி கோயில். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அவ்வளவு கூட்டம் வரும். அவர் புராணத்துல வந்தவர் இல்ல. ஏரலுக்கு சேர்மனா இருந்து, 1908-ல காலமான மனுஷன். அப்படிப்பட்ட ஊர்ல, சுவத்துல மாட்டின தாத்தா படத்துக்கும் பக்கத்துல இருக்கற முருகன் படத்துக்கும் நடுவுல பெரிய கோடு எதுவும் கிடையாது. ரெண்டுக்கும் ஒரே சந்தனம், ஒரே பத்தி.

இனி வெள்ளத்துக்கு வர்றேன்.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. மார்கழி முதல் நாள். மழை நிக்கவே இல்ல. பக்கத்துல காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் பதிவாச்சு. சென்னைக்காரங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, 2015 வெள்ளத்தப்போ தாம்பரத்துல ஒரு நாள்ல பெஞ்சது 49 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அது மாதிரி ரெண்டு மடங்கு. ஆறு ஊருக்குள்ள வந்துடுச்சு. கரண்ட் இல்ல, டவர் இல்ல. நாங்க மாடியில இருந்தோம். கீழ கடையில கம்ப்யூட்டர், பிரிண்டர், அப்பா வருஷக்கணக்கா சேர்த்து வச்சிருந்த நெகட்டிவ் பீரோ எல்லாம் தண்ணிக்குள்ள. ஊர்ல பாதிப் பேரோட இளமை அந்த பீரோவுலதான் இருந்துச்சு. திறந்தப்ப கவர் கவரா ஒட்டிப் போய் பாகு மாதிரி இருந்துச்சு. அதைப் பத்தி இதுக்கு மேல பேசல.

தண்ணி வடிஞ்சு, எல்லாரும் வீட்டுல சேறு வழிக்க ஆரம்பிச்ச ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ ஒரு ஆச்சி வந்தாங்க. மடியில துண்டுல சுத்தி ஒரு ஃப்ரேம். அப்புறம் இன்னொருத்தர், அப்புறம் ஒரு ஆள் சாக்குல கொண்டாந்தார். கடையில உக்கார இடமில்ல, வாசல்ல சேறு. ஆனா படம் வந்துக்கிட்டே இருக்கு.

நான் கவனிச்சது என்னன்னா, வந்ததுல சாமி படம் ரொம்பக் குறைவு. சாமி படத்தை எல்லாம் ஆத்துல விட்டுட்டாங்க, இல்லன்னா அரசமரத்தடியில கொண்டுபோய் வச்சுட்டாங்க. இவ்வளவு பக்தியான ஊர்ல இது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆச்சிகிட்ட கேட்டேன். 'சாமி வேற படத்துல வந்துக்கிடும் தம்பி. தாத்தா வருவாரா?'ன்னாங்க.

சரி, நனைஞ்ச படத்தை என்ன செய்யறது? இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், உங்க வீட்டுக்கும் ஒரு நாள் தேவைப்படலாம். லேப்ல போட்ட பிரிண்ட்னா, கலரோ கருப்பு வெள்ளையோ, படம் இருக்கறது ஜெலட்டின்ங்கற ஒரு மெல்லிய படலத்துக்குள்ள. மாட்டு எலும்பு, தோல்ல இருந்து எடுக்கறது. சுத்த சைவம்னு சொல்ற வீட்டுப் பூஜை அறையிலயும் அது தொங்கிட்டுத்தான் இருக்கு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அந்த ஜெலட்டின் தண்ணி பட்டா ஊதும், வழவழன்னு ஆகும். அந்த நேரத்துல விரல் பட்டா முகம் கையோட வந்துடும். ஆனா உடனே கரைஞ்சு போயிடாது. நல்ல குளிர்ந்த தண்ணியில மெதுவா அலசி, சேறு போனதும் படம் மேல் பக்கம் தெரியற மாதிரி துணியில பரப்பிக் காய வைக்கணும். வெயில்ல போடக்கூடாது, துடைக்கக்கூடாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்தா பிச்சு எடுக்கக்கூடாது, தண்ணியிலயே ஊறவிட்டா தானா பிரியும். உடனே காய வைக்க முடியலைன்னா ஃப்ரீசர்ல வைக்கலாம். எங்களுக்கு ஃப்ரீசர் எங்க, கரண்டே கிடையாது. அம்மா கல்யாணப் புடவையைத் தவிர வீட்டுல இருந்த அத்தனை வேட்டியும் புடவையும் மாடியில விரிச்சாச்சு.

இதுல ஒரு கொடுமை. 1970, 80-ல எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் பலதும் பிழைச்சுது. போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் கடைகள்ல சின்ன இங்க்ஜெட் பிரிண்டர்ல போட்டது சாயம் கரைஞ்சு ஓடிடுச்சு. வெள்ளைத் தாள்ல நீலமும் மஞ்சளுமா ஒரு கறை, அவ்வளவுதான். கல்யாணம் ஆகி எட்டு மாசத்துல புருஷனைப் பறிகொடுத்த ஒரு பொண்ணு அப்படி ஒரு தாளைக் கொண்டு வந்துச்சு. போன்ல இருக்கான்னு கேட்டேன். போனும் தண்ணியில போச்சு. நல்லவேளை, அவளோட நாத்தனார் வாட்ஸ்அப் டிபியா அதே படத்தை வச்சிருந்தாங்க. அதை வச்சு ஒப்பேத்தினோம். பெருசு பண்ணினா கட்டம் கட்டமா தெரியும், அதனால ஆறுக்கு நாலு அளவுலயே கொடுத்தேன்.

ஆனா நான் முக்கியமா சொல்ல வந்தது இன்னொரு படத்தைப் பத்தி. ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும். வீட்டுக்காரர் படம் ஃப்ரேமோட நனைஞ்சு, அப்படியே காஞ்சும் போச்சு. அதுதான் மோசம். ஜெலட்டின் கண்ணாடியோட பசை மாதிரி ஒட்டிக்கிட்டுது. சென்னையில வேலை பார்க்கற மகன் லீவு போட்டு வந்திருந்தான். 'அண்ணே, பிளேடு விட்டு எடுத்துரலாமா?'ன்னான். எடுத்தா முகம் கண்ணாடியில இருக்கும், தாள் கையில இருக்கும். வேண்டாம்னு சொல்லி, கண்ணாடியோடவே கருப்புத் துணி கட்டி, ரெண்டு பக்கமும் லைட் வச்சு, கேமராவுல காப்பி எடுத்தேன். வலப்பக்கம் கன்னம், கண்ணுல பாதி, மீசையில ஒரு முனை இல்ல. பழுப்பா ஒரு கறை மட்டும்.

மகன் போன்ல ஏதோ ஒரு ஏ.ஐ. ஆப்ல போட்டான். அரை நிமிஷம். முழு முகம் வந்துச்சு, கலர்ல. தோல் பளபளன்னு, பல் வரிசையா, சினிமாவுல அப்பா வேஷத்துக்கு வர்ற ஆள் மாதிரி. சத்தியமா சொல்றேன், வேலை சுத்தமா இருந்துச்சு. அவன் சந்தோஷமா அம்மாகிட்ட காமிச்சான். அந்தம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு, 'யாரு ராசா இது?'ன்னாங்க.

அவன் விளக்கினான். அவங்க திரும்பத் திரும்பப் பார்த்தாங்க. அப்புறம் என்கிட்ட, 'தம்பி, எங்க வீட்டுக்காரருக்கு இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். நெல்லு அறுக்கப் போனப்ப பட்டது. அந்தப் பாதி உன் படத்துல இருக்குல்ல? அதைப் போட்டுக் குடு'ன்னாங்க. அந்த ஆப் அந்த வெட்டையும் சரி பண்ணிட்டுது. அது பழுதுன்னு நெனச்சிருக்கு.

ஏ.ஐ. கூடாதுன்னு நான் சொல்ல வரல. கீறலை எடுக்க, மங்கினதைத் தூக்கிக் காட்ட நானும்தான் யூஸ் பண்றேன். அப்பா பிரஷ்ஷால கண்ணைத் திறந்ததும் ஒரு கற்பனைதானே? ஆனா அப்பா அந்த வீட்டுல போய் உக்காந்து, கண்ணு எப்படி இருக்கும்னு கேட்டுட்டு வந்துதான் வரைவார். தங்கச்சிக்கு இதே கண்ணுன்னு யாராவது சொன்னா, தங்கச்சியை ஒரு தடவை பார்த்துட்டு வருவார். ஆப் யாரையும் கேக்கல.

படத்தை அப்படியே கறையோட பிரிண்ட் போட்டேன். அடுத்த பிரச்சினை அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. சொந்தத்துல ஒரு பெரியவர், பின்னமான படத்தை வீட்டுல மாட்டக்கூடாதுன்னுட்டார். உடைஞ்ச சிலை, கிழிஞ்ச சாமி படம் வீட்டுல வச்சா ஆகாதுன்னு சொல்வாங்கல்ல, அந்தக் கணக்கு. ஆத்துல விட்டுடச் சொன்னார். அந்தம்மா ரெண்டு நாள் படத்தை வாங்க வரவே இல்ல. எனக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல, நானும் கையில கயிறு கட்டியிருக்கறவன்தான். அந்தப் பயம் எனக்கும் புரியும்.

மூணாவது நாள் வந்தாங்க. ஃப்ரேமுக்குக் காசை எண்ணி வச்சுட்டு, 'பின்னம் எல்லாம் சாமிக்குத்தான். இவர் மனுஷன். இருந்தப்பவே பாதி பழுதாத்தான் இருந்தார்'னு சொல்லிச் சிரிச்சாங்க. பெரியவர் அந்த வீட்டுக்கு ஆறு மாசம் வரலைன்னு கேள்வி.

பணம் பத்தியும் சொல்லணும், யாராவது கேப்பீங்க. வெள்ளத்துல நனைஞ்ச படத்துக்கு கூலி வாங்கக்கூடாதுன்னு அப்பா சொல்லிட்டார். ஃப்ரேமுக்கும் பேப்பருக்கும் மட்டும்தான் வாங்கினேன். பிரிண்டர் லோன்ல வாங்கினது. பிரிண்டர் போச்சு, லோன் போகல. ரேஷன் கார்டுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்துச்சு, அது அரிசிக்கும் ஸ்டவ்வுக்கும் சரியாப் போச்சு. ஒரு வருஷம் திருச்செந்தூர்ல இன்னொருத்தர் லேப்ல பிரிண்ட் போட்டு பஸ்ல எடுத்துட்டு வந்தேன். அந்த நேரத்துல ஸ்டுடியோவை மூடிட்டு மொபைல் ரீசார்ஜ் கடை போடுன்னு சொல்லாத ஆள் கிடையாது. கோயிலுக்குப் போறப்ப எல்லாம் சேர்மன் சாமிகிட்ட ஒரு வழி காட்டச் சொல்லிக் கேட்டேன். பதில் எல்லாம் ஒண்ணும் வரல. அடுத்த துக்க வீட்டுல இருந்து போன்தான் வந்துச்சு.

நீங்க செய்யறதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அம்மா, அப்பா, ஆச்சி, தாத்தா, தனியா ஒரு முகம் தெளிவா தெரியற மாதிரி படம் எடுத்து, லேப் பேப்பர்ல ரெண்டு பிரிண்ட் போடுங்க. ஒண்ணை வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரங்க வீட்டுல வைங்க. ஆயுசு குறையும்னு சொன்னா, ஆதாருக்குன்னு சொல்லி எடுத்துருங்க. நான் அப்படித்தான் எடுக்கறேன்.

அப்புறம் ஒரு விஷயம். அந்த வெள்ளத்தப்போ வந்ததுல ஏழு படம் இன்னும் என் கடையிலயே இருக்கு. கொண்டு வந்து கொடுத்தவங்க திரும்பி வரல. ஊரை விட்டுப் போயிட்டாங்களோ என்னவோ. எல்லாம் அலசிக் காய வச்சு, கவர் போட்டு மேல் ரேக்குல வச்சிருக்கேன். ஒண்ணு, தலைப்பாகை கட்டின பெரியவர். ஒண்ணுல ரெட்டைச் சடை போட்ட சின்னப் பொண்ணு, பின்னாடி பெயிண்ட் பண்ணின தாஜ்மகால். அமாவாசைக்கு எங்க தாத்தா படத்துக்கு வைக்கிற பூவுல இருந்து அம்மா அதுக்கும் கொஞ்சம் கிள்ளி வைப்பாங்க. உயிரோட இருக்கறவங்களா இருந்தா என்னம்மா பண்றதுன்னு கேட்டா, 'பூதானே வைக்கிறேன், மாலையா போடுறேன்?'ம்பாங்க. ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் பக்கம் சொந்தம் இருக்கறவங்க யாராவது இதைக் கேட்டா வந்து பாருங்க. பஸ் ஸ்டாண்டுல இறங்கி ஸ்டுடியோன்னு கேட்டா சொல்வாங்க. மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் சாப்பிடப் போயிடுவேன்.