டாக்காவிலிருந்து ஒரு கடிதம்
(நமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



1924ல் டாக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த சத்யேந்திரநாத் போஸ், பிளாங்க் விதியைப் புது வழியில் நிறுவிய தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். நேரில் அறிமுகம் கிடையாது. ஐன்ஸ்டைனோ, தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்துப் பிரசுரிக்கச் செய்தார். போஸ்-ஐன்ஸ்டைன் புள்ளியியல் இப்படித்தான் பிறந்தது.

அதே போஸ் எஸ்ராஜ் வாத்தியமும் வாசிப்பார். 1937ல் மகாகவி தாகூர் தமது விஞ்ஞான நூலான 'விஸ்வ பரிசய'த்தை அவருக்கே சமர்ப்பித்தார். வங்க மொழியில் விஞ்ஞானம் பரவ வேண்டுமென்று 1948ல் வங்கீய விஞ்ஞான பரிஷத்தைத் தொடங்கினார் போஸ். உலகத்தோடு பேசியவர் தாய்மொழியைக் கைவிடவில்லை, கவனியுங்கள்.

நான் உத்தியோகத்தில் இருந்தபோது, வேறு மாநிலத்து இளைஞர் ஒருவர் என் குறிப்பிலிருந்த கணக்குப் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினார். அவர் சொன்னது சரி. ஆனாலும் கடிதத்தைக் கோப்பில் வைத்துக் கட்டிவிட்டேன், பதில் போடவில்லை. பதவி தந்த கர்வம். இன்றும் மனசு உறுத்துகிறது.

நம் சங்க மேடையில் பிற மொழிக்காரர்களும் வந்து பேசட்டும். நம் பேரக் குழந்தைகள் தாங்கள் படிக்கும் விஞ்ஞானத்தைத் தமிழிலும் சொல்லிப் பழகட்டும். முன்பின் தெரியாதவர் கடிதம் எழுதினால், தயவுசெய்து பதில் போடுங்கள்.