கல்லூரிக் கதவும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தில்லியின் வடபகுதியில், பல்கலைக்கழக வளாகத்தில், செங்கல் கட்டடமும் புல்வெளியுமாக ஒரு கல்லூரி இருக்கிறது. செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி என்பது அதன் பெயர். நம்மில் சிலர் அந்த வழியாகப் பேருந்தில் போயிருப்போம். "இது பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. இன்று அந்தக் கல்லூரியைப் பற்றித்தான் பேசப் போகிறோம். ஏன் தெரியுமா? அந்தக் கல்லூரியின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதன் சாதனையில் நமக்கு ஒரு பாடமும் இருக்கிறது.

1881-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அந்தக் கல்லூரி தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து தில்லிக்கு வந்த கிறிஸ்தவ மிஷன் அதை நிறுவியது. முதல் முதல்வர் சாமுவேல் ஸ்காட் ஆல்நட் என்ற பாதிரியார். சாந்தினி சவுக்கை ஒட்டிய கினாரி பஜாரில் ஒரு பழைய வீடு, மூன்று ஆசிரியர்கள், ஐந்தே ஐந்து மாணவர்கள். இவ்வளவுதான் அன்றைய கல்லூரி. தில்லிக்கென்று ஒரு பல்கலைக்கழகம் அப்போது கிடையாது. 1922-இல் தில்லிப் பல்கலைக்கழகம் உருவானபோது, அதற்கு அடித்தளமாக இருந்த மூன்று கல்லூரிகளில் இது ஒன்று. மற்ற இரண்டு, இந்துக் கல்லூரியும் ராம்ஜஸ் கல்லூரியும்.

ஐந்து பேரோடு தொடங்கிய அந்த இடத்திலிருந்து என்னென்ன வந்தது என்று பாருங்கள். நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த ஃபக்ருதீன் அலி அகமது அங்கே படித்தவர். பாகிஸ்தானை ஆண்ட ஜியா உல் ஹக்கும் அங்கே படித்தவர்தான். வெள்ளையரை எதிர்த்துக் கதர்க் கட்சியை வளர்த்த லாலா ஹர்தயாள் அங்கே படித்தவர். எழுத்தாளர் அமிதவ் கோஷ், வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா, நம் மயிலாடுதுறைத் தொகுதியில் மூன்று முறை வென்று நாடாளுமன்றம் போன மணிசங்கர் ஐயர் ஆகியோரும் அந்தக் கல்லூரியின் மாணவர்களே.

ஆனால் தோழர்களே, பட்டியலைப் படித்துக் கைதட்டிவிட்டுப் போக நாம் இங்கே கூடவில்லை. அந்தக் கல்லூரியில் வேலை பார்த்த இரண்டு ஆசிரியர்களைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் சுசீல் குமார் ருத்ரா, வங்காளத்துக் கிறிஸ்தவர். 1906-இல் முதல்வர் பதவி காலியானபோது, இந்தியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காரலாமா என்ற கேள்வி எழுந்தது. வெள்ளைக்காரர்களுக்குக் கீழே இந்தியர் வேலை பார்க்கலாம். இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை பார்க்கலாமா? அந்தக் காலத்தில் அது சின்னக் கேள்வி அல்ல. அதே கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஓர் ஆங்கிலேயர், "ருத்ராவே தகுதியானவர்; அவரே முதல்வராக வேண்டும்" என்று பிடிவாதமாக நின்றார். தனக்குக் கிடைக்கக்கூடிய பதவியை அவர் வேண்டாம் என்றார். ருத்ரா முதல்வரானார். 1915-இல் காந்தியடிகள் தில்லிக்கு வந்தபோது தங்கியது ருத்ராவின் வீட்டில்தான். பின்னாளில் ஒத்துழையாமை இயக்கத்துக்கான ஆலோசனை நடந்ததும் அந்த வீட்டில்தான். அரசாங்கத்தின் தயவை நம்பி நடக்கிற ஒரு கல்லூரியின் முதல்வர், அந்த அரசாங்கத்தை எதிர்ப்பவருக்குத் தன் வீட்டில் இடம் கொடுத்தார். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

பதவியை விட்டுக்கொடுத்த அந்த ஆங்கிலேயர்தான் சி.எஃப். ஆண்ட்ரூஸ். நம்மைப்போலப் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இவர் பெயர் மறக்கக் கூடாத பெயர். 1904-இல் அந்தக் கல்லூரிக்கு வந்தவர், 1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். அங்கே கரும்புத் தோட்டத்திலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த நம் மக்கள், ஒப்பந்தம் முடிந்த பிறகு சுதந்திரமாக வாழ்வதற்கு ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டியிருந்தது. அதை எதிர்த்து 1913-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் தமிழர்கள் மிகப் பலர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரியில் உயிர் நீத்தது அந்தப் போராட்டத்தில்தான். காந்தியடிகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையே பேச்சு நடந்தபோது ஆண்ட்ரூஸ் கூட இருந்து உதவினார். அந்த வரி 1914-இலேயே ஒழிந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. கடல் தாண்டி ஃபிஜித் தீவுக்குப் போனார். 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றியிருந்தார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் பிடித்து அனுப்பினார்கள். கூலி வரிசைகளில் அவர்கள் பட்ட பாட்டை ஆண்ட்ரூஸ் நேரில் பார்த்து, எழுதி, நாடெங்கும் பேசினார். இந்தியாவில் எழுந்த எதிர்ப்புக்கு அவருடைய அறிக்கை வலுச் சேர்த்தது. 1920 ஜனவரி முதல் நாள் ஃபிஜியில் அந்த ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. அவரைத் தீனபந்து, ஏழைகளின் உறவினன், என்று மக்கள் அழைத்தது சும்மா இல்லை. ஒரு கல்லூரியின் மிகப் பெரிய சாதனை எது என்று நம்மைக் கேட்டால், மந்திரிகளையும் அதிகாரிகளையும் சொல்ல மாட்டோம். இப்படி ஒரு மனிதர் அங்கே பாடம் நடத்தினார் என்பதைத்தான் சொல்வோம்.

சரி, கூலிகளுக்காகப் போராடியவரின் கல்லூரியில் கூலி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்தார்கள்? இதைக் கேட்காமல் இருக்க முடியுமா? முன்பு சொன்ன மணிசங்கர் ஐயரும் ராமச்சந்திர குஹாவும் டேராடூனில் டூன் பள்ளியில் படித்துவிட்டு அங்கே போனவர்கள். அவர்கள் திறமையை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வாசல் யாருக்குப் பழக்கமானது என்பதை அது காட்டுகிறது. பெண்களுக்கே 1975-இல்தான் அந்தக் கதவு நிலையாகத் திறந்தது. மதிப்பெண்ணோடு நேர்முகத் தேர்வும் அங்கே நீண்டகாலம் இருந்தது. கிறிஸ்தவச் சிறுபான்மை நிறுவனம் என்ற முறையில், தன் சமூகத்து மாணவருக்குப் பாதி இடம் வரை ஒதுக்கவும், தன் முறைப்படி மாணவரைத் தேர்ந்தெடுக்கவும் 1991-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. சிறுபான்மையினரின் உரிமையை நாம் மதிக்கிறோம். ஆனால் வீட்டு வேலை செய்கிற தாயின் மகள், ஆங்கிலத்தில் பேசும் மூன்று பேருக்கு முன்னால் உட்கார்ந்தால் அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளாதா? அறிவில்லாததாலா? பழக்கமில்லாததால்!

2022-இல் நிலைமை மாறியது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வு வந்தது. பொது இடங்களுக்கு அந்தத் தேர்வு மதிப்பெண் மட்டுமே. நேர்முகத் தேர்வு கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நுழைவுத் தேர்வு நடக்கும் 13 மொழிகளில் தமிழும் ஒன்று. இதைக் கேட்டு மயங்கிவிடவும் கூடாது. நேர்முகத் தேர்வு நாக்கைப் பார்த்தது என்றால், நுழைவுத் தேர்வு பணப்பையைப் பார்க்கிறது; தெருவுக்குத் தெரு பயிற்சிக் கடைகள் முளைத்துவிட்டன. உள்ளே போன பிறகு பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும், மூடிக் கிடந்த கதவில் ஒரு சிறு இடைவெளி கிடைத்திருக்கிறது. அதில் கால் வைக்காமல் நிற்பது நம் தவறு. அது தனியார் கல்லூரி என்றாலும் ஆசிரியர் சம்பளத்தின் பெரும்பகுதி அரசு மானியத்திலிருந்து போகிறது. நாம் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் கட்டும் வரி அதில் இருக்கிறது. எனவே தலை நிமிர்ந்து விண்ணப்பம் வாங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கினாரி பஜாரிலிருந்து 1891-இல் காஷ்மீரி கேட் கட்டடத்துக்குப் போனது அந்தக் கல்லூரி. 1941-இல், வால்டர் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்த இன்றைய வளாகத்துக்குப் போனது. இரண்டு முறையும் முதலில் கட்டடம் எழுந்தது. பிறகே மாணவர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். தங்க விடுதி, படிக்க நூலகம், சந்தேகம் கேட்டால் பக்கத்திலேயே ஆசிரியர். சாதனைகள் இந்த அடித்தளத்தில்தான் எழுந்தன. நமக்கு நடந்தது என்ன? 2025 ஜூன் முதல் நாள் ஜங்புராவில் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. ஏறக்குறைய 370 குடிசைகள். அவற்றில் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் தொலைவிலுள்ள நரேலாவில் வீடு. மீதிப் பேருக்கு அதுவும் இல்லை. பள்ளி ஒரு மூலையில், வீடு மறு மூலையில் என்றால் பிள்ளை எப்படிப் படிக்கும்? குடியிருக்கும் இடத்துக்கான போராட்டமும் கல்விக்கான போராட்டமும் ஒன்றேதான், தோழர்களே!

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அங்கேயும் அரசுப் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பைத் தொடும் நம் பிள்ளைகளின் பெயரைச் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். எந்தப் பட்டத்துக்கு எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்துச் சொல்வது சங்கத்தின் பொறுப்பு. இரண்டாவது, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கடைசி வாரத்தில் தேடாமல் இப்போதே எடுத்து வையுங்கள். மூன்றாவது, பகுதிக்கு ஒரு மாலைப் படிப்பகம். ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு மேசை. கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர்கள் வாரம் இரண்டு மாலை ஆங்கிலமும் கணக்கும் சொல்லித் தர வேண்டும்.

"இவ்வளவு சிறியதாகத் தொடங்கி என்ன ஆகும்?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: கினாரி பஜாரில் மூன்று ஆசிரியர்களும் ஐந்து மாணவர்களும்தான் இருந்தார்கள். நம் படிப்பகத்துக்கு நாளையே ஐம்பது பிள்ளைகள் வருவார்கள். சொல்லிக் கொடுக்க யார் வருகிறீர்கள்? பெயர் கொடுங்கள்!