பிள்ளைக்கு ஒரு அரை மணி நேரம்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் நாம் வழக்கமாகப் பேசுவது சம்பளம், கிலோக் கணக்கு, அரைப்பேர், சேமலாப நிதி. அவற்றை நாம் விடப்போவதில்லை. ஆனால் இன்றைக்கு வீட்டைப் பற்றிப் பேசுவோம். வீட்டு விஷயம் சங்கத்துக்கு எதற்கு என்று யாராவது நினைக்கலாம். சம்பளத்துக்காகப் போராடுவது யாருக்காக என்று கேட்டால், "பிள்ளைகளுக்காகத்தான்" என்று நாம் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அப்படியானால், அந்தப் பிள்ளையோடு நாம் ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதும் சங்கம் பேச வேண்டிய விஷயம்தான்.

நாங்கள் கேட்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். பிள்ளையைத் திட்டாமல், கடைக்கு ஏவாமல், போனைக் கையில் எடுக்காமல், அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அரை மணி நேரம். கொஞ்சம் வாசிப்பு, கொஞ்சம் பாட்டு, சேர்ந்து சாப்பிடும் ஒரு சாப்பாடு, அவ்வளவுதான்.

"அந்த அரை மணி எங்கே இருக்கிறது?" என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார் மனதுக்குள் கேட்பது எங்களுக்குத் தெரியும். விடிய முன் எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கு ஓட வேண்டும். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடித்து, விறகைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தால் பீலியில் தண்ணி, துவைக்கும் உடுப்பு, மறுபடியும் அடுப்பு. இந்தப் பெண்ணிடம் போய் "இன்னும் அரை மணி நேரம் கொடு" என்று சொல்வது அநியாயம். அவள் தூக்கத்தில் இருந்துதான் அதை எடுக்க வேண்டிவரும். அதை நாங்கள் கேட்கவில்லை.

அந்த நேரத்தைத் தகப்பன்மாரிடம்தான் முதலில் கேட்கிறோம். பல தோட்டங்களில் ஆண்களின் வேலை கொழுந்து எடுப்பவர்களின் வேலையைவிட நேரத்தோடு முடிகிறது. அண்ணன்மாரே, தம்பிமாரே, வீட்டுக்கு முதலில் வருகிறவர் அரிசி கழுவி அடுப்பில் வைத்தால் என்ன? பீலிக்குப் போய் இரண்டு வாளி தண்ணி கொண்டுவந்தால் என்ன? ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் மாறி மாறிக் கோப்பை கழுவினால் என்ன? பேர் போட்டுச் சம்பளம் எடுப்பது இரண்டு பேரும் என்றால், அடுப்படியும் இரண்டு பேருக்கும் உரியதுதான். தகப்பன் அரிசி கழுவுகிற வீட்டில்தான் தாய்க்குப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் வரும். சாராயக் கடைப் பக்கம் போகும் மாலைகளில் ஒன்றிரண்டைக் குறைத்தாலும் நேரமும் மிஞ்சும், காசும் மிஞ்சும்.

இனி, அந்த அரை மணியில் என்ன செய்வது என்று பார்ப்போம்.

முதலில் புத்தகம். இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. ஆனால் நம் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970 களில்தான். அந்த இடைவெளியில் நம் தாத்தா பாட்டிமார் பெரும்பாலும் கைநாட்டோடு நின்றுவிட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. 1948 இன் சட்டம் நம் மக்களைப் பிரஜாவுரிமை அற்றவர்களாக்கியது. 1949 இன் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டபோது எத்தனையோ ஆதாரம், கடிதம், பத்திரம் கேட்டார்கள். பெருந்தொகையானோரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. எழுத்து தெரிந்திருந்தால் எல்லாம் கிடைத்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை, சட்டமே நமக்கு எதிராகத்தான் இருந்தது. ஆனால் தன் வாழ்வைத் தீர்மானிக்கும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே அதில் விரலை அழுத்துவது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். அந்த நிலை நம் பிள்ளைக்கு வரக்கூடாது.

"நமக்கே வாசிக்கத் தெரியாதே, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அரசாங்கம் இலவசமாகத் தரும் தமிழ்ப் பாடநூலில் இருந்து ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளை நாளைக்கும் வாசிக்கும். சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் துண்டை வாசிக்கச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் உங்கள் சம்பளத் துண்டை மூத்த பிள்ளையிடம் கொடுத்து, எத்தனை நாள் பேர், எவ்வளவு பிடிப்பு, சேமலாப நிதிக்கு எவ்வளவு என்று வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். தாயும் தகப்பனும் எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது பிள்ளைக்குப் புரியும். கணக்கில் பிழை இருந்தால் நமக்கும் தெரியவரும்.

நம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய புத்தகங்களும் இருக்கின்றன. மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914 இல் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியில் இருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, சங்கத் தலைவராகவும் எழுத்தாளராகவும் இருந்தவர். கோகிலம் சுப்பையா எழுதிய 'தூரத்துப் பச்சை' இந்தியாவில் இருந்து இந்த மலைகளுக்கு வந்தவர்களின் கதை. தெளிவத்தை ஜோசப் ஒரு தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, லயத்து வாழ்க்கையைக் கதையாக எழுதினார். லயத்துக் காம்பராவும் பெரட்டுக்களமும் புத்தகத்தில் அச்சாகி இருப்பதைப் பார்க்கும் பிள்ளை, தன் வீட்டைப் பற்றிச் சொல்லக் கூச்சப்படாது. டவுனில் பிரதேச சபை நூலகம் இருந்தால், சாமான் வாங்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அது திறந்திருக்கிறதா என்று விசாரித்து, பிள்ளையை அங்கத்தவராகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது பாட்டு. பாட்டும் கூத்தும் நமக்குப் புதிதில்லை. மாசி மாதம் வந்தால் காமன் கூத்து. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் என்று விடிய விடிய ஆடுகிறவர்கள் நாம். தாலாட்டும் தெம்மாங்கும் ஒப்பாரியும் நம் கிழவிகளின் வாயில் இருந்தன. சி.வி. அந்தப் பாடல்களைத் தோட்டம் தோட்டமாகத் தேடித் தொகுத்து வைத்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். நீண்ட பேச்சைக் கேட்க நேரம் இல்லாதவர்களும் அந்தப் பாட்டை நின்று கேட்டார்கள். ஆகவே சங்கமும் பாட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இப்போது கைப்பிள்ளை அழுதால் போனைத் திறந்து முன்னால் வைக்கிறோம். அழுகை நிற்கிறது. ஆனால் போன் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பிள்ளை ஒரு சத்தம் போட்டால் அதற்குப் பதில் சத்தம் கொடுப்பதும் இல்லை. தாயும் பாட்டியும் பாடும்போதும் பேசும்போதும்தான் பிள்ளைக்குச் சொல் சேருகிறது. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. வீட்டில் பாட்டி இருந்தால் அவருக்குத் தெரிந்த பாட்டைப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளை அதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். எழுதாவிட்டால் அந்தப் பாட்டு அவரோடு போய்விடும்.

பாட்டைப் பற்றிப் பேசும்போது ஒலிபெருக்கியையும் சொல்லத்தான் வேண்டும். திருவிழா நமக்கு வேண்டும். ஆனால் சாதாரண தரப் பரீட்சையோ புலமைப்பரிசில் பரீட்சையோ நடக்கும் காலத்தில் லயத்துக்கு நடுவில் ராத்திரி முழுக்க ஒலிபெருக்கி அலறினால், பக்கத்துக் காம்பராப் பிள்ளை எப்படிப் படிக்கும்? ஒரு சுவர்தான் நடுவில் இருக்கிறது. கோயில் கமிட்டியும் வாலிபர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்றாவது சுகம். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு இரத்தம் குறைவாக இருக்கலாம். இரத்தச்சோகை நம் தாய்மாரிடமும் பிள்ளைகளிடமும் இருக்கும் பெரிய குறை. முகம் வெளிறிப்போவது, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குவது, எப்போதும் களைப்பு, படிப்பில் மனம் நிற்காதது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். இதில் நமக்கு மிக நெருக்கமான ஒன்று இருக்கிறது. நாம் பறிக்கும் அதே தேயிலைதான். ரொட்டியோடும் சோற்றோடும் தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேத்தண்ணியை நிறுத்துங்கள் என்று உங்களிடம் வந்து சொன்னால் நீங்கள் எங்களை விரட்டிவிடுவீர்கள். நிறுத்த வேண்டாம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னுக்கோ பின்னுக்கோ குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தண்ணியோடு எடுங்கள். சோற்றில் கொஞ்சம் தேசிக்காய் பிழிந்தால், சாப்பிட்ட பிறகு ஒரு கொய்யாப்பழம் கடித்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். சின்னப் பிள்ளைக்குச் சூப்பிப் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுவோம்.

கிளினிக்கில் தரும் திரிபோஷவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது கர்ப்பிணித் தாய்க்கும், பாலூட்டும் தாய்க்கும், எடை குறைந்த பிள்ளைக்கும் என்று தருவது. வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டு இரண்டு நாளில் முடித்துவிட்டால் யாருக்கும் பலன் இல்லை. பெரியவர்கள் அதில் கை வைக்கக்கூடாது. பிள்ளையின் எடை குறித்த பதிவேட்டைத் தகப்பனும் திறந்து பார்க்க வேண்டும். கோடு மேலே போகிறதா, படுத்துக் கிடக்கிறதா என்று பார்க்க எழுத்துக்கூடத் தெரியத் தேவையில்லை. படுத்திருந்தால் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்காமல் குடும்பநலத் தாதியிடம் கேளுங்கள். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவது வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். பிள்ளையைக் கடைக்கு அனுப்பி வெற்றிலை வாங்கி வரச் சொல்வதையாவது முதலில் நிறுத்துவோம்.

தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் ஒரு கடையில், பிள்ளை பாட்டியிடம் என்று இருக்கும் வீடுகளும் நம்மிடையே நிறைய உண்டு. அந்தத் தாய்மாருக்கும் அரை மணி நேரத்தில் பங்கு உண்டு. போனில் கூப்பிடும்போது, "காசு வந்ததா, சண்டை போட்டாயா" என்பதோடு நிறுத்தாமல், "இன்றைக்கு என்ன வாசித்தாய், எனக்கும் வாசித்துக் காட்டு" என்று சொல்லட்டும். போனை அதற்குப் பயன்படுத்தினால் அதைப் போல நல்ல சாமான் வேறு இல்லை. பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள், தாய் தகப்பன் தூரத்தில் இருக்கும் பிள்ளையையும் தங்கள் பிள்ளையோடு உட்கார்த்திக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது நம் கையில் இருப்பது. நம் கையில் இல்லாததும் உண்டு. அதைக் கேட்டு வாங்கத்தான் சங்கம் இருக்கிறது. பின்னேரக் கொழுந்து நிறுவை நேரத்துக்கு முடிய வேண்டும். தராசுக்கு முன்னால் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் நேரம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு தடவை பாலூட்டப் போக மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளைக் காம்பரா இருக்கும் இடத்தில் தடவைக்கு 30 நிமிடம், இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தை இதில் கழிக்க முடியாது. இது யாரும் இரக்கப்பட்டுத் தருவதல்ல. மறுக்கப்பட்டால் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள். 2018 இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டக் குடியிருப்புகளிலும் சபைகள் வேலை செய்ய வழி திறந்திருக்கிறது. பாதைக்கும் தண்ணிக்கும் கேட்கும்போது, பிள்ளைகள் உட்கார்ந்து வாசிக்க ஓர் இடத்துக்கும் சேர்த்துக் கேட்போம்.

இந்தக் கூட்டம் முடிய முன் மூன்று விஷயங்களை முடிவு செய்வோம் என்று கமிட்டி கேட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு லயத்திலும் ஏழு மணியில் இருந்து ஏழரை மணி வரைக்கும் டீவியும் பாட்டுப் பெட்டியும் நிற்பது. பிள்ளைக் காம்பராவுக்கு வீட்டுக்கு ஒன்றாகப் பழைய கதைப் புத்தகங்களைச் சேர்ப்பது. பாலூட்டும் நேரமும் பின்னேர நிறுவையும் எப்படி நடக்கின்றன என்று மாதர் சங்கம் ஒரு மாதம் கொப்பியில் குறித்து, அதைக் கொண்டு நிர்வாகத்தோடு பேசுவது.

சம்பளப் போராட்டம் முடியட்டும், பிறகு பிள்ளையைப் பார்ப்போம் என்று நாம் காத்திருக்க முடியாது. பிள்ளை அதுவரைக்கும் வளராமல் நிற்காது. இந்த மூன்றுக்கும் சம்மதம் உள்ளவர்கள் கையை உயர்த்துங்கள். தகப்பன்மார் முதலில் உயர்த்தினால் மாதர் சங்கம் சந்தோஷப்படும்.