பட்டாவில் ஏறாத பெயர்



மன்றத்திலே வாய்மொழியாகச் சொன்னதை ஏட்டுக்காக எழுத்திலே தருகிறேன். அன்று கேட்டவர்கள் சிலர். இன்று படிப்பவர்கள் பலர். இந்தத் தாளைக் கையிலேந்தியிருக்கும் தாங்களே இனி என் அவை.

கடல் கடந்த தமிழர் என்றவுடன் நம்மவர் உள்ளம் எங்கே செல்கிறது? இராசேந்திரனிடம் செல்கிறது, 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பிடம் செல்கிறது, புலிக்கொடி பறந்த கலங்களிடம் செல்கிறது. செல்லட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், அந்தக் கலங்களிலே துடுப்புப் போட்டவர்களில் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா? மன்னன் கடல் கடந்தான். மெய்க்கீர்த்தி பாடி வைத்தோம். உழைப்பாளி கடல் கடந்தான். அவன் பெயரை எழுதி வைத்தது யார்? நம் புலவர் அல்லர். நம் ஊர்க் கணக்கர் அல்லர். கரும்புத் தோட்ட முதலாளிக்குக் கணக்குக் காட்டுவதற்காக வெள்ளையர் ஆட்சியின் எழுத்தர் எழுதி வைத்தார்! அந்தக் கணக்கைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இலங்கைக்கும், மலேயாவுக்கும், பர்மாவுக்கும், மொரீசியசுக்கும், பீஜித் தீவுக்கும் சென்றவர்கள் கதை தனித்தனியே சொல்ல வேண்டியவை. இன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். காரணம், அங்கே கணக்கு ஒழுங்காக இருக்கிறது. இதயம் இல்லாத இடத்திலே கணக்கு ஒழுங்காக இருப்பது உலக வழக்கம்தானே!

நேட்டாலிலே கரும்பு நட்டார்கள் வெள்ளையர்கள். வெட்ட ஆள் வேண்டும். அந்த மண்ணுக்குரிய ஜூலு மக்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. அடுத்தவன் தோட்டத்திலே ஆண்டு முழுவதும் அடங்கிக் கிடக்க அவர்கள் இணங்கவில்லை. அடிமை வாணிகத்துக்கோ முன்னரே தடை. என்ன செய்தார்கள்? அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒப்பந்தம் என்ற சொல்லை வைத்தார்கள். 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து மற்றொன்று. 1911-ஆம் ஆண்டு வரை இப்படிச் சென்றவர்கள் 152,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறையிலே கப்பலேறியவர்கள், தமிழரும் தெலுங்கரும்.

ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங். பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. பெண்ணுக்கு அதிலே பாதி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களேனும் இருக்க வேண்டும் என்பது விதி. குடும்பம் என்பதை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், பார்த்தீர்களா!

இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு, எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. மாட்டுச் சந்தையிலே சுழி பார்ப்பதுபோலத் தழும்பு பார்த்தார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமல்லவா? அதற்காக! ஆனால், வரலாற்றின் விந்தை பாருங்கள்: ஓடிப்போகாமல் தடுப்பதற்காக எழுதிய அந்தப் பதிவேடுதான், ஐந்தாம் தலைமுறைப் பேத்திக்குத் தன் ஊர் தேடி வரும் வழியாகியிருக்கிறது.

அந்தப் பேத்தியைச் சற்று எண்ணிப்பாருங்கள். டர்பனிலே பிறந்தவர், ஆங்கிலம் பேசுகிறவர், புரட்டாசி மாதத்திலே புலால் உண்ணாத குடும்பத்தினர். அவருடைய குடும்பப் பெயர் 'மூட்லி' என்றிருக்கலாம். நம் முதலியார்தான் அவர். 'கோவெண்டர்' என்றிருக்கலாம், கவுண்டரோ, கோவிந்தனோ, எழுத்தரின் காதுக்கு எது கேட்டதோ அது. 'மூன்சாமி' என்றிருந்தால் முனுசாமி. இங்கே 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே, பெயருக்குப் பின்னாலுள்ள சாதிப் பட்டத்தை வெட்டி எறிக என்று தீர்மானித்தோம். அங்கே அதே பட்டங்கள், பொருள் மறந்துபோய், வெறும் குடும்பப் பெயராக உறைந்துபோயின. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக வைக்கும் நம் வழக்கமும் அங்கே சிக்கலாயிற்று. தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதியதனால் பாட்டனுக்கு ஒரு பெயர், மகனுக்கு ஒரு பெயர், பேரனுக்கு ஒரு பெயர். உடன்பிறந்த இருவருக்கே வெவ்வேறு பெயர் வாய்த்ததும் உண்டு. பெயரைப் பிடித்துப் போனால் வழி தவறும். எண்ணைப் பிடித்துப் போனால்தான் கப்பல் கிடைக்கும். மனிதனை எண்ணாக்கிய கொடுமையிலே, அந்த எண் மட்டுமே மாறாமல் நின்றது.

நடுவிலே எத்தனை படிகள் ஏற வேண்டும்! 1913-க்கு முன் செல்லாமல் இந்தக் குடும்பத்தின் கதை விளங்காது. ஒப்பந்தம் முடிந்து, சொந்தக் காலிலே நிற்க முயன்ற தமிழனை மீண்டும் தோட்டத்துக்கோ, இல்லாவிடில் தாயகத்துக்கோ துரத்துவதற்காக 1895-இல் ஒரு சட்டம் செய்தார்கள். தலைக்கு மூன்று பவுன் வரி! அது போதாதென்று 1903-இல், பதினாறு வயது நிறைந்த பையனுக்கும் பதின்மூன்று வயது நிறைந்த பெண்ணுக்கும் அதே வரி என்று நீட்டினார்கள். தாய், தந்தை, மகன், மகள் நால்வர் உள்ள குடிலுக்குப் பன்னிரண்டு பவுன். அதாவது 240 ஷில்லிங். ஐந்தாமாண்டிலே மாதம் பதினான்கு ஷில்லிங் பெற்றவனுக்கு அது பதினேழு மாத ஊதியம்! வரியா அது? வாசற்படியிலே வைத்த கண்ணி.

முதலாளி அடித்து முன்பற்கள் உடைந்து, குருதி ஒழுகும் வாயோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையிலே பிடித்தவண்ணம் காந்தியாரிடம் வந்து நின்ற பாலசுந்தரம் ஒப்பந்தத் தொழிலாளியான தமிழர்தான். ஆண்டு 1894. அடிபட்ட நேரத்திலும் வெள்ளையர் முன் தலைப்பாகை கழற்றும் பழக்கம் போகவில்லையே என்று காந்தியார் தம் வாழ்க்கை வரலாற்றிலே வருந்தியிருக்கிறார். 'சாமி' என்று முடியும் நம் பெயர்கள் அங்கே வசைச்சொல்லாயின. உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்ற சொல், உழைத்தவனையே இழிக்கும் சொல்லாயிற்று.

1913-இல் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் பல்லாயிரவர் வேலையை நிறுத்தினர். பெண்கள் சிறை சென்றனர். அவர்களில் ஒருத்தி வள்ளியம்மை. சிறையிலே நோயுற்று, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், பதினாறே வயதில் மறைந்தாள். அந்த ஆண்டிலேதான் மூன்று பவுன் வரி ஒழிந்தது. அவளை நாம் எப்படி அழைக்கிறோம்? தில்லையாடி வள்ளியம்மை என்று. அவள் பிறந்தது ஜோகன்னஸ்பர்க், அடக்கமானதும் ஜோகன்னஸ்பர்க். தில்லையாடி அவளுடைய தாயின் ஊர். அவள் குடும்பம் ஒப்பந்தக் குடும்பமும் அன்று. தொழில் நாடிச் சென்ற குடும்பம். எனினும் ஊர்ப்பெயர் அவள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவளுக்கு மட்டும் ஓர் ஊரைக் கண்டுபிடித்துச் சூட்டினோமே, மற்றவர்களுக்கு?

அவர்களிலே திரும்பி வந்தவர்களும் உண்டு. 1927-ஆம் ஆண்டுக் கேப் டவுன் உடன்பாட்டின்படி, கப்பற் கட்டணமும் கைப்பணமும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். சென்னைத் துறையிலே இறங்கியபோது அவர்களுக்கு இது தாயகமாகத் தெரியவில்லை. ஊராருக்கு அவர்கள் உறவாகத் தெரியவில்லை. கைப்பணம் தீர்ந்ததும் தெருவிலே நின்றவர்கள் பலர். அங்கேயே தங்கியவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டுக் குழுப் பகுதிச் சட்டம், காய்கறி பயிரிட்டு வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுத்து, 1960-களிலே சாட்ஸ்வொர்த்திலே கொண்டுபோய் வைத்தது. கடலை அவர்கள் ஒருமுறைதான் கடந்தார்கள். குடிபெயர்ந்ததோ தலைமுறைக்கு ஒருமுறை. வீடு மாறும்போதெல்லாம் பழைய தகரப் பெட்டியிலிருந்து ஒரு தாள் தொலையும். தேடி வருபவர் கையில் இருப்பது, தொலையாமல் எஞ்சிய அந்த ஒரு தாள்.

சரி, தாள் கிடைத்தது, எண் கிடைத்தது, டர்பன் ஆவணங்களிலே கப்பல் கிடைத்தது, கிராமத்தின் பெயரும் கிடைத்தது. பேத்தி சென்னைக்கு வருகிறார். இனித்தான், தோழர்களே, நம் பங்கு வருகிறது. இனித்தான் வழி அடைபடுகிறது.

'வட ஆர்க்காடு ஜில்லா' என்று எழுதியிருக்கிறது. எங்கே அந்த ஜில்லா? 1911-இல் சித்தூர்ப் பகுதி அதிலிருந்து பிரிந்தது. 1953-இல் ஆந்திரத்தோடு போயிற்று. சித்தூரோடு போன திருத்தணி 1960-இல் திரும்பி வந்தது; இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. எஞ்சிய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாயிற்று. 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாயிற்று. கிராமத்தின் பெயரை ஆங்கில எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார். அது எந்தப் பட்டு, எந்தப் பாக்கம், எந்தப் பாடி? ஒரு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அலைய வேண்டியதுதான்.

அலைந்து ஊரைக் கண்டுபிடித்ததாகவே வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் அன்போடு திண்ணையிலே அமர்த்தி, மோர் கொடுத்து, கேட்கும் முதற்கேள்வி என்ன? "நீங்க என்ன ஆளுங்க?" கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல், ஊர்த் தெருவைக் காட்டுவதா, சேரித் தெருவைக் காட்டுவதா என்பது அவர்களுக்குத் தெரியவில்லை! ஐந்து தலைமுறைக்கு முன் எந்தக் கோடு அந்தப் பாட்டனை ஊருக்கு வெளியே நிறுத்தியதோ, அதே கோடு பேத்தியை வரவேற்கவும் வந்து நிற்கிறது.

அடுத்து, பழைய நிலப் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். பாட்டன் பெயர் இல்லை. ஏன் இல்லை? அரசு எழுதி வைத்தது யாரை? வரி கட்டியவனை. வரி கட்டியவன் யார்? பட்டா உள்ளவன். பண்ணையாளுக்கும் படியாளுக்கும் பட்டா ஏது? அவன் உழுத நிலத்துக்கு எண் உண்டு. உழுதவனுக்கு ஏட்டிலே இடமில்லை. 1876 முதல் 1878 வரை நாட்டை உலுக்கிய பெரும் பஞ்சத்திலே முதலில் சாய்ந்தவன் அவன்தான். கிராமத்தைவிட்டு முதலில் கிளம்பியவனும் அவன்தான். அவர்களில் பலருடைய பெயர் அரசாங்கத் தாளிலே முதன்முதலாக ஏறியது, கப்பல் ஏறிய அன்றுதான்!

நிலமில்லாததனால் போனான், நிலமில்லாததனால் போன தடமும் இங்கே இல்லை. சோழன் கப்பலைப் பற்றி நாம் பேசும் பெருமையிலே ஒரு பங்கையாவது இந்த உண்மையைச் சொல்வதற்குச் செலவிட வேண்டாமா? அவர்கள் வீரத்தினால் போனார்கள் என்று சொல்வது நமக்கு வசதியாக இருக்கிறது. வெள்ளையனின் தரகன் ஏமாற்றினான் என்று சொல்வதும் வசதியாகத்தான் இருக்கிறது. தரகன் ஏமாற்றியது உண்மை. ஏமாறும் நிலையிலே அவனை வைத்திருந்தது இந்த மண்ணின் மிராசு என்பதும் உண்மை.

ஜனவரி 12-ஆம் நாளை அயலகத் தமிழர் நாளாகத் தமிழ்நாடு அரசு கொண்டாடுகிறது; 'வேர்களைத் தேடி' என்ற பெயரிலே வெளிநாடுவாழ் தமிழ் இளைஞர்களை அழைத்துப் பண்பாட்டு இடங்களைக் காட்டுகிறது. நல்ல செயல், பாராட்டுகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், போற்றி வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையிலே தமிழின் பெயரையும் எழுதியிருக்கிறது. அந்த நாட்டுக்கு இருக்கும் நினைவு நமக்கும் இருப்பது மகிழ்ச்சியே. ஆனால், மாமல்லபுரத்தைப் பார்த்து வியந்துவிட்டுத் திரும்பும் பேத்தி, "என் பாட்டன் ஊர் எது?" என்று கேட்டால், கோபுரம் பதில் சொல்லாது.

பதில் சொல்லக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. எழும்பூரிலே, 1909-ஆம் ஆண்டு முதல் நிற்கும் ஆவணக் காப்பகம். பழைய சென்னை மாகாண ஆட்சியின் தாள்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. நேட்டால் பதிவேடுகளில் உள்ள கிராமப் பெயர்களை வரிசைப்படுத்தி, பழைய தாலுகாப் பட்டியல்களோடு ஒப்பிட்டு, இன்றைய மாவட்டம், வட்டம், ஊராட்சி இன்னதென்று தமிழிலே ஒரு கையேடு ஆக்கித் தருவது அரசுக்கு மலையைப் பெயர்க்கும் வேலையா? தமிழ் படித்த இளைஞர்களுக்கும் வரலாறு படித்த இளைஞர்களுக்கும் ஊதியம் கொடுத்துச் செய்விக்கலாம். ஆங்கில எழுத்தர் சிதைத்த பெயரைச் சரியாக ஒலித்துப் பார்க்க, அந்த வட்டாரத்துப் பேச்சு தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம்தான் இருக்கிறார்கள். ஆந்திரத்தோடு போன ஊர்களுக்கு அந்த அரசோடு கலந்து பேச வேண்டும். தெலுங்குக் குடும்பங்களும் அதே கப்பலில் போனவைதாம். அவர்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கையேட்டை வட ஆர்க்காட்டிலிருந்து தொடங்கலாம். சென்னைத் துறை வழியாகச் சென்றவர்களில் பலர் அந்த ஜில்லாவினர். குடியாத்தம், வாலாசா, ஆர்க்காடு, போளூர் என்று தாலுகா தாலுகாவாக எடுக்கலாம். பட்டாவில் உள்ளவர்களின் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இந்தக் கையேட்டிலே முதற்பக்கத்திலிருந்தே பட்டா இல்லாதவர்களின் பெயரை அச்சிட வேண்டும். எண்ணையும் அடைப்புக்குள் போடலாம். ஆனால் பெயருக்குப் பின்னால்.