கற்ற கல்வி வழியிற் கெடாமை

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், கல்விப் பகுதியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்துக் கல்விக் குழுவினர் எம்மை இன்று பேசுமாறு பணித்தபொழுது, பேசுதற்குரிய பொருளையும் தாமே வரையறுத்துத் தந்தனர். ஒரு கல்லூரியிற் பயிலும் மாணவர் இடையிலே வேறொரு பல்கலைக் கழகத்திற்கு மாற நேருமாயின், அதுகாறும் கற்ற கல்வி அங்கே கணக்கில் வருமா, வாராதா என்பதே அப்பொருள். இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங் கழிக்கும் தமிழாசிரியருக்கு இஃது அயலான பொருளன்றோ எனச் சிலர் கருதக்கூடும். யாமும் முதலில் அவ்வாறே கருதினோம். பின்னர் எண்ணிப் பார்க்குங்கால், இதனை அறியாமையால் ஒரு பெண்ணின் கல்வியைக் கெடுத்த குற்றம் எம்பாலும் உண்டென்பது நினைவிற்கு வந்தது. அதனை ஒளியாது சொல்லித் தொடங்குதலே முறையாகும்.

சில ஆண்டுகட்கு முன்னர், எம்மிடம் பள்ளியிற் பயின்ற நம் சமூகத்துப் பெண்ணொருத்தி கல்லூரியிற் கணிதம் படித்து வந்தாள். நான்கு அரையாண்டுத் தேர்வுகளையும் முதல் வகுப்பில் முடித்திருந்தாள். அந்நிலையில் நல்ல இடத்தில் திருமணம் அமைந்தது. மணமகனார்க்கு வடநாட்டு நகரொன்றில் வேலை. தந்தையார் எம் வீட்டிற்கு வந்து, “ஐயா, இன்னும் ஓராண்டுதான் பாக்கி. போகிற ஊரில் அதை மட்டும் படிக்க வைக்க முடியுமா?” என்று கேட்டார். யாம் ஒருவரையும் உசாவாமல், “அறுந்த நூல் அறுந்ததுதான், அங்கே போய் முதலாண்டிலிருந்து தொடங்கவேண்டியதே” என்று விடையிறுத்தோம். அவரும் ஆசிரியர் சொல்லாயிற்றே என்று நம்பிச் சென்றார். அப்பெண் அங்கே மறுபடியும் முதலாண்டு தொடங்கினாள். கற்றதையே கற்க மனமின்றியும், குழந்தை பிறந்தமையாலும் விட்டுவிட்டாள். இரண்டாண்டுக் கல்வி ஓர் உறைக்குள் மதிப்பெண் பட்டியலாகக் கிடக்கின்றது. அந்நாளிலும் விண்ணப்பித்துப் பார்க்க வழி இருந்தது. வழியில்லை என்று சொன்னது எம் அறியாமையே.

இனிப் பொருளுக்கு வருவோம். கல்லூரியிற் ‘கிரெடிட்’ என்று வழங்கப்பெறுவதை யாம் மதிப்பலகு எனக் குறிப்போம். இஃது மதிப்பெண் அன்று. மதிப்பெண், மாணவர் எவ்வளவு நன்றாகக் கற்றார் என்பதைக் காட்டும். மதிப்பலகு, எவ்வளவு கற்றார் என்பதைக் காட்டும். நெல்லின் தரம் வேறு, அளவு வேறு என்பதை உழவர் குடியிற் பிறந்தார்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளங்கலைப் பாடத்திட்ட வரைவின்படி, ஓர் அரையாண்டில் 15 மணி விரிவுரைக்கு 1 மதிப்பலகு. செய்முறையாயின் 30 மணிக்கு 1. இவ்வகையில் ஆண்டொன்றுக்கு 40 ஆக, மூவாண்டுப் பட்டத்திற்கு 120, நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 160 எனக் கணக்கிட்டனர்.

கல்வியை இங்ஙனம் அளக்கும் வழக்கம் அமெரிக்க நாட்டில் எழுந்தது. அது பிறந்த வரலாறு வியப்புடைத்து. 1905-ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ கார்னகி என்னும் பெருஞ்செல்வர், கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்திற்காக ஒரு கோடி டாலர் வழங்கினார். அந்நிதியைப் பெறத்தக்க கல்லூரி எது என்று வரையறுக்க வேண்டியிருந்தமையால், மாணவரைச் சேர்ப்பதற்கு முன் அவர் பள்ளியில் இத்தனை மணி கற்றிருத்தல் வேண்டும் என்று அறநிலையத்தார் ஓர் அளவு வகுத்தனர். முதுமையில் ஆசிரியர்க்குச் சோறளிக்க எழுந்த அறம், மாணவர் கல்விக்கு அளவுகோலாக முடிந்தது. ஐரோப்பிய நாட்டார், ஒரு நாட்டு மாணவர் மற்றொரு நாட்டிற் சென்று பயிலும் எராஸ்மஸ் திட்டத்தை 1987-இல் தொடங்கி, 1989-இல் மதிப்பலகு மாற்று முறையையும் புகுத்தினர். அங்கே ஓராண்டுக் கல்வி 60 அலகு. ஓரலகுக்கு மாணவர் உழைப்பு 25 முதல் 30 மணி. நம் நாட்டில் 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் 30 மணி உழைப்பை ஓரலகாகக் கொண்டது.

இவற்றால் ஓர் உண்மை புலனாகும். ஊர்தோறும் படியின் அளவு வேறுபட்டிருந்த காலம் ஒன்று உண்டு. பட்டணம்படிக்கு அளந்த நெல்லை உள்ளூர்ப் படியால் அளந்தால் எண்ணிக்கை மாறும், நெல் மாறாது. அவ்வாறே ஐரோப்பாவின் 60 அலகும் நம் நாட்டு 40 அலகும் ஓராண்டுக் கல்வியே. நம் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மூவாண்டுப் பட்டத்திற்கு 140 அலகு வேண்டப்படுகின்றது. ஆதலின் எண்ணை மட்டும் நோக்கி ஏற்றத் தாழ்வு கூறுதல் பிழையாம்.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னர், 2021 ஜூலையில் மானியக் குழு கல்வி மதிப்பலகு வங்கிக்கான விதிகளை வெளியிட்டது. பணம் இடும் வங்கி போலவே இதிலும் மாணவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. அபார் என்னும் 12 இலக்க எண் அக்கணக்கிற்கு அடையாளம். டிஜிலாக்கர் வழியாக அதனைத் திறந்து பார்க்கலாம். ஆயினும் மாணவர் தம் கையால் இதில் ஒன்றும் இடவியலாது. கற்பித்த நிறுவனமே இடுதல் வேண்டும். இட்ட அலகு பெரும்பான்மையும் 7 ஆண்டு வரை செல்லும். ஒரு பட்டத்திற்காக எடுத்துக்கொண்ட அலகைப் பின்னர் மற்றொன்றிற்குக் காட்டலாகாது.

வங்கி என்றவுடன், இட்டதெல்லாம் எங்கும் பணமாகும் என்று மயங்கற்க. இதனை உண்டியலுக்கு ஒப்பிடுதலே பொருத்தம். நம் வணிகப் பெருமக்கள் ஓரூரில் எழுதிய உண்டியலை மற்றோரூர்க் கடைக்காரர் ஒப்புக்கொண்டாலன்றிப் பணமாகாது. எழுதினவர் நாணயமும் ஏற்பவர் இசைவும் இரண்டும் வேண்டும். அவ்வாறே மாணவர் கொண்டுவரும் அலகை ஏற்கும் பல்கலைக் கழகம், பாடத்தின் உள்ளடக்கம், கற்பித்த மணி, தேர்ச்சியின் தரம் ஆகியவற்றைத் தன் பாடத்தோடு ஒத்துப் பார்க்கும், ஒத்தவற்றை ஏற்கும், ஒவ்வாதவற்றைத் தள்ளும். தமிழ்நாட்டில் முதற்பகுதி மொழிப்பாடம், இரண்டாம்பகுதி ஆங்கிலம் எனப் பகுதி பிரித்துக் கற்பிக்கின்றோம். பிற மாநிலத்திலிருந்து வருபவர், தம் முதன்மைப் பாடம் முழுதும் ஒத்திருந்தும், முதற்பகுதித் தேர்வை இங்கே எழுதவேண்டி வருதல் உண்டு. இதனை அவமதிப்பாகக் கொள்ளாது, முன்னரே அறிந்து ஆயத்தமாதல் நன்று.

இன்னுமொரு விதி உண்டு. இதனைத் தாய்மார்கள் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகின்றோம். பட்டம் அளிக்கும் நிறுவனத்தில் மொத்த அலகிற் பாதியேனும் பெற்றிருத்தல் வேண்டும் என்பது 2021 விதி. 120-இற் பாதி 60. இரண்டாண்டு முடித்து 80 அலகு ஈட்டிய பெண், புதிய பல்கலைக் கழகத்திற் பட்டம் பெற விரும்பின், 60-க்கு மேல் ஆங்குக் கொள்ளார். எஞ்சிய 20, அஃதாவது ஓர் அரையாண்டின் உழைப்பு, வீணாகும். ஒன்றரை ஆண்டில் மாறுபவர்க்கு இவ்விழப்பு இல்லை. இரண்டாண்டு கடந்தவர் இதனைத் தலைகீழாக எண்ணிப் பார்த்தல் நன்று. பட்டத்தைப் பழைய நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டு, எஞ்சிய பாடங்களைச் சென்ற ஊரிலிருந்து படித்து அலகைப் பழைய இடத்திற்கு அனுப்பலாமா என்று கேட்டல் வேண்டும். ஆங்கு ஏற்கெனவே 80 உள்ளமையால் பாதி விதி தடையாகாது. அரசினர் நடத்தும் சுவயம் இணையப் பாடங்களை, ஓர் அரையாண்டிற்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என்று 2021-இல் விதி விரிக்கப்பட்டுள்ளது. கல்லூரி இசைந்தாலன்றி இது கைகூடாது. ஆயினும் கேளாதார்க்கு எதுவும் கைகூடாது.

இடையில் நிற்க நேர்ந்தோர்க்கும் ஒரு வழி வகுத்துள்ளனர். ஓராண்டில் 40 அலகும், கோடை விடுமுறையில் 4 அலகுத் தொழிற்பாடமும் முடித்தவர்க்குச் சான்றிதழும், ஈராண்டு அவ்வாறு முடித்தவர்க்குப் பட்டயமும் வழங்கலாம். அவர் 3 ஆண்டிற்குள் திரும்பிச் சேர்ந்து, 7 ஆண்டிற்குள் பட்டத்தை முடிக்கலாம் என்பது 2022 வரைவு. இவற்றையெல்லாம் எல்லாப் பல்கலைக் கழகங்களும் ஒருபடியாக ஏற்றில. மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்கல்விகட்கு அவ்வத் துறை ஆணையங்களின் விதிகள் தனியே உள. ஆதலின் எம் சொல்லையும் முடிவாகக் கொள்ளாது, சேரும் இடத்திற் கேட்டு, எழுத்தில் விடை பெறுக. வாய்ச்சொல்லை நம்பிக் கெட்ட கதையை முன்னரே சொன்னோம்.

இனி, குடும்பத்தார் செய்யத்தக்கன சில.

முதலாவது, ஒவ்வோர் அரையாண்டும் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தவுடன், அபார் கணக்கில் அலகு ஏறியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஏறாவிடின் கல்லூரியில் உடனே தெரிவிக்க. மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பின்னர்ச் சென்று கேட்டால், கவனிப்பார் இரார்.

இரண்டாவது, பெயர். ஆதாரில் ஒருபடியும், பள்ளிச் சான்றில் ஒருபடியும் பெயர் இருப்பின் கணக்கு இணைவதில் இடர்ப்பாடு நேரும். நம்மவர் தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் மாற்றி எழுதுவர். திருமணமானவுடன் தந்தையின் எழுத்தை நீக்கிக் கணவரின் எழுத்தை இடுவர். கல்வி முடியும் வரை பெண்ணின் பெயரில் ஓரெழுத்தையும் மாற்றாதிருத்தல் நலம்.

மூன்றாவது, பயின்ற ஆண்டிற்குரிய பாடத்திட்டத்தை, கல்லூரி முத்திரையுடன் ஒரு படி வாங்கி வைத்தல் வேண்டும். ஒப்பு நோக்குவோர் பாடத்தின் பெயரை மட்டும் பாரார்; அலகு அலகாகப் பொருளடக்கத்தைப் பார்ப்பர். இதனோடு மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், பல்கலைக் கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியன ஒரே கோப்பில் இருத்தல் வேண்டும். சீர்வரிசைப் பட்டியல் எழுதும்பொழுது குத்துவிளக்கையும் குடத்தையும் மறவாத நாம், இக்கோப்பை மறந்துவிடுகின்றோம். பெண்ணுடன் போகும் பொருள்களில் தேயாததும் அடகுக்குப் போகாததும் அதுவொன்றே.

இறுதியாக, இச்சபையின் முன் ஒரு வேண்டுகோள். நம் சங்கக் கல்வி நிதியின் உதவிபெறும் மாணவர், சேர்ந்த கல்லூரியிலேயே இடையறாது பயிலுதல் வேண்டும். மாறினால் உதவி நின்றுவிடும் என்பது நம் விதி. இதனை வகுத்த பெரியோர்கள் நல்லெண்ணத்துடனேயே வகுத்தனர். ஊர் ஊராகக் கல்லூரி மாறித் திரியும் ஊக்கமற்றோர்க்குப் பொதுப்பணம் போகலாகாது என்பது அவர் கருத்து. ஆயின் இன்று மாறுபவர் யாவர்? தந்தை இறந்தமையால் தாய்மாமன் ஊருக்குச் செல்பவன். தகப்பனார்க்கு வேலை மாற்றமானவன். மணமாகிச் செல்லும் பெண். உதவி எவர்க்கு மிகுதியும் வேண்டுமோ, அவர்க்கே நம் விதி கதவடைக்கின்றது. எம் ஒருவர் அறியாமையால் ஒரு பெண் கெட்டாள். இவ்விதியாலோ ஆண்டுதோறும் எவரேனும் கெடக்கூடும்.

ஆதலின், ‘சேர்ந்த கல்லூரியில்’ என்னும் சொற்களை நீக்கி, ‘சேர்ந்த பட்டப் படிப்பில்’ என்று திருத்துமாறு வேண்டுகின்றோம். ஊக்கமற்றோர்க்குப் பணம் போகுமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. அரையாண்டுதோறும் ஈட்டிய அலகுகளின் கணக்கைக் காட்டினால் அடுத்த தவணை தருக, காட்டாவிடின் நிறுத்துக. எந்தக் கல்லூரியில் இருக்கின்றார் என்பதைக் கேளாமல், என்ன கற்றார் என்பதைக் கேட்போமாக. மேலும், நம் சமூகத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களும் கல்லூரி அலுவலர்களும் உளர். அவர்களுள் இருவரோ மூவரோ மாதத்தில் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தில் அமர்ந்து, கல்லூரி மாறுவார்க்கு வழிகாட்டுவார்களாயின் பெரிதும் பயன்படும். கேட்டு வருவோர் நம் சமூகத்தாரா, அயலாரா என்று அங்கே வினவ வேண்டா. வழி சொல்லுவதால் நம் கையிருப்புக் குறைவதில்லை.

யாம் முதலிற் கூறிய அப்பெண் இக்கூட்டத்தில் இல்லை. தன் மகளுக்கும் அண்டை வீட்டுக் குழந்தைகட்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்து வருவதாகக் கேள்வி. கணக்கு அவளை விட்டுப் போகவில்லை, பட்டம்தான் போயிற்று. அவள் தந்தையார் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவர் எம்மை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனாலேயே இதனை இத்தனை பேர் முன்னிலையில் சொல்லக் கடமைப்பட்டோம்.

வரும் பொதுக்குழுவில் இத்திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஆவன செய்யுமாறு தலைவரவர்களைப் பணிந்து வேண்டி அமைகின்றோம்.