காப்புரிமை யாரைக் காக்கிறது?

(புதுதில்லியில் தமிழ்த் தோழர்களின் வாசிப்பு வட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைரஸ்கள் மனித உடலைத் தாக்கும் விதம் குறித்தும், அவற்றுக்கு எதிரான மருந்துகள் குறித்தும் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லேன். ஆவணங்களைத் தமிழாக்குவதே என் பணி. ஆகவே எச்ஐவி என்னும் ஒரே வைரஸை எடுத்துக்கொண்டு, அது உடலுக்குள் புகும் வழியையும், அதைத் தடுக்கும் மருந்து ஏழையின் கைக்கு வந்துசேர்ந்த வழியையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். முதல் வழியை அறிவியல் கண்டறிந்தது. இரண்டாவது வழியைப் போராட்டம் திறந்தது.

வைரஸ் தனித்து இனம் பெருக்க இயலாதது. தன்னைப் படியெடுப்பதற்கான மரபுக் குறிப்பும், அதைப் பொதிந்து வைத்த புரத உறையுமே அதன் சொத்து. படியெடுக்கும் பட்டறை அதனிடம் இல்லை. அதற்காக அது வேறோர் உயிரணுவைக் கைப்பற்றியாக வேண்டும். எச்ஐவி கைப்பற்றுவதோ, நமது நோயெதிர்ப்புப் படையை நெறிப்படுத்தும் சிடி4 அணுக்களை. அணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. ஆர்என்ஏ வடிவிலுள்ள தன் குறிப்பை டிஎன்ஏவாக மாற்றுகிறது. அதை அணுவின் மரபுத் தொகுதியோடு பிணைத்துவிடுகிறது. பின்னர் அந்த அணுவே வைரஸ் உற்பத்திக் கூடமாகிறது.

பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரஸிடம் பலிக்காதது இதனால்தான். நம் அணுவின் கருவிகளையே அது பயன்படுத்துவதால், நம்மைக் காயப்படுத்தாமல் அதனை மட்டும் தாக்குவது கடினம். ஆனால் வைரஸுக்கே உரிய நொதிகள் சில உண்டு. ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி ஒன்று; அதைப் பிணைக்கும் நொதி ஒன்று; புரதங்களை நறுக்கிப் புதிய வைரஸை முதிரச் செய்யும் நொதி ஒன்று. இவற்றை முடக்குவனவே இன்றைய மருந்துகளுள் பெரும்பாலானவை. ஒற்றை மருந்து கொடுத்தால் வைரஸ் உருமாறித் தப்பிவிடும். மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தப்புவது அரிது. 1996இல் நிலைபெற்ற இந்தக் கூட்டு மருத்துவமே மரண ஓலையை, மருந்தோடு வாழக்கூடிய நோயாக மாற்றியது. மரபுத் தொகுதியில் பிணைந்து உறங்கும் வைரஸை அகற்றும் வழி இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை. எனவே மருந்தை வாழ்நாள் முழுவதும், ஒரு நாளும் தவறாமல் உட்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இந்தத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள், வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஏஇசட்டி என்னும் முதல் மருந்து ஒப்புதல் பெற்றது. அது 1964இல் அமெரிக்க அரசின் நிதியில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மூலக்கூறு. மக்கள் வரிப்பணத்தில் பிறந்ததை, ஒரு தனியார் நிறுவனம் உலகின் மிக விலையுயர்ந்த மருந்துகளுள் ஒன்றாக விற்றது. 2000ஆம் ஆண்டில் மூன்று மருந்துக் கூட்டுக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல் விலை. ஆப்பிரிக்காவில் மருந்தின்றி மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது.

இது எப்படி இயன்றது? சிப்லாவும் தனியார் நிறுவனமே. அதன் கைகளைக் கட்டாமல் விட்டது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். அதற்கு அடித்தளமிட்டது, நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை. மருந்தைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே அச்சட்டம் காப்புரிமை தந்தது, மருந்துக்கே தரவில்லை. வேறு முறையில் தயாரிக்க யாருக்கும் தடையில்லை.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல் என்னை உறுத்துவதுண்டு. 'பேட்டன்ட்' என்பதைக் காப்புரிமை என்கிறோம். காப்பு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு முகங்கள். குழந்தையின் கையில் பூட்டினால் அணிகலன். கைதியின் கையில் பூட்டினால் விலங்கு. மருந்துக்குப் பூட்டும் காப்பு எவ்வகை என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது.

உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தப்படி 2005 முதல் மருந்துக்கே காப்புரிமை தரும் கட்டாயம் வந்தது. அதற்கான அவசரச் சட்டம் 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்டது. அன்றைய அரசு இடதுசாரிகளின் ஆதரவை நம்பி நின்றது. நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளும், வெளியே நோயாளிகளின் அமைப்புகளும் கொடுத்த நிர்ப்பந்தத்தால் 2005 மார்ச்சில் நிறைவேறிய சட்டத்தில் பாதுகாப்புகள் இடம்பெற்றன. பழைய மருந்தின் உருவத்தைச் சற்று மாற்றிப் புதிய காப்புரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவு அவற்றுள் ஒன்று. காப்புரிமை வழங்குமுன் எவரும் எதிர்ப்பு மனு தரலாம் என்பது மற்றொன்று. இவை ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. குழந்தைகளுக்கான நெவிரபின் திரவ மருந்துக்குக் கோரப்பட்ட காப்புரிமையை, எச்ஐவியோடு வாழ்வோரின் அமைப்புகள் எதிர்த்தன. 2008 ஜூனில் தில்லி காப்புரிமை அலுவலகம் அதை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று நோவார்ட்டிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 3(டி) பிரிவின் வலிமையை நிலைநாட்டியது.

ஆனால் மலிவான மருந்து இருந்தால் மட்டும் போதாது. 2022இல் இதே தலைநகரில், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் எச்ஐவியோடு வாழும் மக்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக அமர்ந்து போராடினார்கள். மாத்திரைகள் தட்டுப்பாடாகி, ஒரு மாதத்துக்குப் பதிலாகச் சில நாட்களுக்கே கிடைக்கின்றன என்பது அவர்களது குற்றச்சாட்டு. தட்டுப்பாடு இல்லை என்றது அரசு. மருந்து தவறினால் உடலுக்குள் என்ன நேரும் என்பதை முன்னரே பார்த்தோம். வைரஸ் மீண்டும் பெருகும். மருந்தை மீறும் உருமாற்றம் பெறும். கொள்முதலில் ஏற்படும் தாமதம் அலுவலகக் கோப்போடு முடிவதில்லை. நோயாளியின் ரத்தத்தில் தொடர்கிறது.

இப்போது புதிய கட்டத்தில் நிற்கிறோம். வைரஸின் குறிப்பைச் சுமக்கும் புரதக் கூடு, அணுவுக்குள் நுழைந்ததும் உடைந்துவிடுகிறது என்றே நெடுநாள் கருதப்பட்டது. அது ஏறத்தாழ முழுமையாகவே அணுக்கருவுக்குள் செல்கிறது என்பதைச் சமீபத்திய எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் கூட்டையே குறிவைப்பது லெனகபவிர். ஆண்டுக்கு இரு ஊசிகள் போதும். தொற்றைத் தடுப்பதற்காகத் தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 பெண்களுக்கு இது தரப்பட்டது. ஒருவருக்குக்கூடத் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் முடிவுகள் வெளியாயின. அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 28,000 டாலருக்கும் மேல். இந்திய நிறுவனங்கள் 2027 முதல் 120 நாடுகளுக்கு 40 டாலருக்குத் தரும் என 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இரு விலைகளுக்கும் இடையிலுள்ள தூரமே ஏகபோகத்தின் அளவு. அந்த 120 நாடுகள் எவை என்பதைத் தீர்மானித்ததும் ஏகபோகமே. ஆய்வுக்குத் தம் மக்களைத் தந்த பிரேசில் அப்பட்டியலில் இல்லை.

இத்தகைய நேரத்தில் நமது கேடயங்கள் தேய்க்கப்படுகின்றன. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகள், காப்புரிமைக்கு எதிரான மனுவுக்குக் கட்டணம் விதிக்கின்றன. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம், மருந்து கிடைக்கச் செய்வதற்கு நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரும் உரிமமே உகந்த வழி என்கிறது. அப்படியானால் அரசு வழங்கக்கூடிய கட்டாய உரிமம் எதற்கு? 2012இல் ஒரு புற்றுநோய் மருந்துக்கு அது வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் என்றிருந்த விலை 8,800 ரூபாயாக இறங்கியதே!

தோழர்களே, நம் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் எச்ஐவியோடு வாழ்கிறார்கள். அவர்களுக்காக நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. 3(டி) பிரிவைப் பேரப்பொருளாக்காதே. எதிர்ப்பு மனு தரும் உரிமைக்கு விலை வைக்காதே. பொதுத்துறை மருந்து உற்பத்திக்குப் புத்துயிர் கொடு. மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை தீராமல் இருப்பதை உறுதி செய். நாளை வரப்போகும் வைரஸ் எதுவாயினும், அதன் மருந்துக்கும் இதே சட்டம்தான் கதவாக இருக்கும். அந்தக் கதவு மூடப்படாமல் காப்பது இன்றைய வேலை.