கண்ணுக்கு நேரே ஒரு கேமரா



புணே நகரத்தின் கிழக்கே ஹடப்சர் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு பகுதிதான் மகர்பட்டா. முன்பு அது விவசாய நிலம். நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்த நிலத்தில் ஒரு நகரமே எழுந்தது. இன்று அங்கே மாடி வீடுகள் இருக்கின்றன. கணினி அலுவலகங்கள் இருக்கின்றன.

பழைய வயல் எப்படி இருந்தது? கிணறு எங்கே இருந்தது? இன்று அங்கே வளரும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பாட்டி வாயால் சொல்லலாம். படம் பிடித்து வைத்திருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் கேமரா பணக்காரர் வீட்டுப் பொருள். இன்று செல்போனிலேயே கேமரா இருக்கிறது. ஆனால் கருவி மட்டும் இருந்தால் போதுமா? அரிவாள் வாங்கியவர் எல்லாம் கதிர் அறுத்துவிட முடியுமா? கை பழக வேண்டும். கண்ணும் பழக வேண்டும்.

படிக்க வந்த பாலு மகேந்திரா

சினிமாவுக்கு என்று புணேயில் ஒரு பெரிய கல்விக்கூடம் இருக்கிறது. பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் 1960ஆம் ஆண்டு அரசு அதைத் தொடங்கியது. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் பிறந்த பாலு மகேந்திரா இங்கே வந்து ஒளிப்பதிவு படித்தார். 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். இயற்கையாக வரும் வெளிச்சத்தை அவர் மிகவும் விரும்பினார். தன் படங்களைத் தானே வெட்டித் தொகுத்தார். அவருடைய 'வீடு' படம் 1988இல் வந்தது. ஒரு நடுத்தரக் குடும்பம் வீடு கட்டப் படும் பாட்டை அது சொல்கிறது.

“அவர் படித்தவர். எழுத்தே இப்போதுதான் கற்றவர்களால் முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். முடியும். அதற்கும் சாட்சி இருக்கிறது.

பஸ்தாபூர் பெண்கள்

மகர்பட்டாவை ஒட்டிச் சோலாப்பூர் சாலை போகிறது. அதே சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால் தெலங்கானாவில் ஜகீராபாத் வரும். அதன் அருகே பஸ்தாபூர் என்ற சிற்றூர் உள்ளது. தக்காண வளர்ச்சிச் சங்கம் அங்கே ஏழைப் பெண்களோடு வேலை செய்கிறது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பி.வி. சதீஷ். அவர் முன்பு தூர்தர்ஷனில் வேலை பார்த்தவர்.

அந்தச் சங்கத்துப் பெண்களில் சிலர் வீடியோ கற்றார்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். காட்டு வேலை, களை வேலை செய்தவர்கள். பலர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதே இல்லை. 2001இல் அவர்களுக்கென்று ஓர் ஊடக அமைப்பும் தொடங்கியது.

கேமராவுக்கு அந்தப் பெண்கள் சொந்த மொழியில் பெயர் வைத்தார்கள். மேலே இருந்து கீழே பார்த்து எடுத்தால் அது 'பட்டேல் ஷாட்'. பட்டேல் என்றால் ஊர்ப் பெரிய நிலக்காரர். அவர் மற்றவர்களை அப்படித்தான் பார்ப்பார். கீழே இருந்து அண்ணாந்து எடுத்தால் அது 'அடிமை ஷாட்'. கண்ணுக்கு நேராக வைத்து எடுத்தால் அது 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் சமமாக உட்காருவார்கள் அல்லவா? அதனால் அந்தப் பெயர். அந்தப் பெண்களுக்குப் பிடித்தது சங்கம் ஷாட்தான்.

யோசித்துப் பாருங்கள். கேமராவை எந்த உயரத்தில் பிடிக்கிறோம் என்பதிலேயே மரியாதை இருக்கிறது. குழந்தையைப் படம் எடுக்கிறீர்களா? குனியுங்கள். தரையில் உட்கார்ந்து பூக் கட்டும் அம்மாவை எடுக்கிறீர்களா? நீங்களும் தரையில் உட்காருங்கள்.

2002ஆம் ஆண்டு நம் நாட்டில் பி.டி. பருத்தி விதைக்கு அனுமதி கிடைத்தது. வாரங்கல் பக்கம் விவசாயிகள் அந்த விதையை வாங்கி விதைத்தார்கள். பஸ்தாபூர் பெண்கள் கேமராவோடு அங்கே போனார்கள். ஒரு நாள் போய்த் திரும்பிவிடவில்லை. அந்தப் பருவம் முழுவதும் திரும்பத் திரும்பப் போனார்கள். விதைத்தபோது இருந்த நம்பிக்கை படத்தில் இருக்கிறது. விளைச்சலைப் பார்த்த பிறகு வந்த கோபமும் இருக்கிறது. 2003இல் வந்த அந்தப் படத்தை வெளிநாடுகளிலும் பார்த்தார்கள். ஏழை விவசாயி தன் நட்டத்தைத் தன் வாயாலேயே சொன்னார். அதை எடுத்ததும் அவரைப் போன்ற விவசாயப் பெண்கள்தான்.

படம் எடுக்கும் முறை

முதலில் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் எடுக்க வேண்டாம்.

செல்போனைப் படுக்கை வாட்டத்தில் இரண்டு கையாலும் பிடியுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி வையுங்கள். சுவர் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். படம் ஆடாது.

சூரியனைப் பாருங்கள். வெளிச்சம் பேசுபவர் முகத்தில் விழ வேண்டும். முதுகுப் பக்கம் வெயில் இருந்தால் முகம் கறுத்துப் போகும்.

ஒரு காட்சியை எடுக்கும்போது மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அதுவரை கையை அசைக்க வேண்டாம். ஒரே வேலையை மூன்று விதமாக எடுங்கள். தூரத்தில் இருந்து இடம் தெரியும்படி ஒன்று. கொஞ்சம் கிட்டத்தில் ஆள் தெரியும்படி ஒன்று. மிக அருகில் கை வேலை தெரியும்படி ஒன்று.

சத்தமும் முக்கியம். பேசுபவர் பக்கத்தில் போய் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று பலமாக அடித்தால் சுவர் மறைவுக்குப் போங்கள்.

வெட்டித் தொகுப்பது

எடுத்ததை எல்லாம் அப்படியே காட்டினால் பார்ப்பவர் கொட்டாவி விடுவார். அரிசியில் கல் பொறுக்குவது போல வேண்டாததை எடுத்துவிட வேண்டும். இதைத்தான் எடிட்டிங் என்கிறார்கள். செல்போனிலேயே இதைச் செய்யலாம்.

முதலில் எல்லாவற்றையும் ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். ஆடிய படத்தைத் தள்ளுங்கள். ஒன்றையே இரண்டு முறை சொல்லியிருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். பிறகு பூத் தொடுப்பது போல வரிசையாகக் கோருங்கள். எதற்குப் பின் எது வந்தால் புரியும் என்று பாருங்கள். வெட்டாத மூலப் படத்தை மட்டும் அழிக்க வேண்டாம். தனியாகப் பத்திரமாக வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஒருவர், “கடன் வாங்கினேன், ஆனால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்” என்று சொல்கிறார். பின்பாதியை வெட்டிவிட்டால் என்ன ஆகும்? நாணயமான மனிதர் கடன்காரர் ஆகிவிடுவார். கத்தரி நம் கையில் இருக்கிறது. அடுத்தவர் மானமும் அதில் இருக்கிறது. வெட்டி முடித்ததும் அவரிடமே முதலில் காட்டுங்கள். “நான் சொன்னது இதுதான்” என்று அவர் தலையாட்ட வேண்டும். பிறகு ஊருக்குக் காட்டலாம்.

எதைப் படம் எடுப்பது? தேடி அலைய வேண்டாம். தண்ணீர் வராத குழாய் இருக்கிறது. பாதி கட்டி நிற்கும் பள்ளிச் சுவர் இருக்கிறது. பாய் நெய்யும் தாத்தாவின் விரல்கள் இருக்கின்றன. தாத்தாவுக்குப் பிறகு அந்த நெசவை யார் காட்டுவார்கள்?

எழுத்துக் கற்றது எதற்கு? நம் மனுவை நாமே எழுதுவதற்கு. கேமரா கற்பதும் அப்படித்தான். நம் கதையை நாமே சொல்வதற்கு. முதல் படம் ஆடும். பத்தாவது படம் நிற்கும். இந்த வாரமே தொடங்குங்கள். கண்ணுக்கு நேராகப் பிடித்து, பத்து வரை எண்ணுங்கள்.